எஸ்தர் வீட்டுக் கிணறு

ஜோயல்,

சபை மலருக்காக என்னைப் பற்றி நீ எழுதி அனுப்பிய பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அதை அச்சுக்குக் கொடுக்காதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்கான காரணம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அம்மா போனை வாங்கி "சாப்ட்டியாப்பா" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவாள். இந்த வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. குடும்பம், விசுவாசம், தொழில், சமூக சேவை என்று நாலு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே என்னை ஒரு நல்ல மனிதனாக நிறுத்தியிருக்கிறாய். நீ ஒரு பொய்யும் எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாமல் வைத்திருந்தது நான். அதே உறைக்குள் நீ வைத்தனுப்பிய மற்ற தாள்களும் வந்தன. தண்ணீர் லாரித் தொழிலை உன் பெயருக்கு மாற்றும் தாள், கூடுவாஞ்சேரிக்கு அப்பால் நீ பேசி முடித்திருக்கும் ஏரிக்கரை நிலத்தில் புதிதாக ஆழ்துளை போர் போடுவதற்கான தாள். இரண்டும் என் பைபிளுக்குள் இருக்கின்றன. கையெழுத்துப் போடவில்லை. கல்யாணம் முடிந்ததும் பெங்களூர் வேலையை விட்டுவிட்டுத் தாம்பரத்துக்கே வந்து அப்பாவின் தொழிலைப் பார்க்கப் போவதாக அனிதா வீட்டில் சொல்லிவிட்டாய். என் கையெழுத்து இல்லாவிட்டால் அவர்கள் முன்னால் உனக்கு என்ன தலைகுனிவு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னும் பேனாவைத் திறக்கவில்லை.

மூன்று வாரமாக மாடம்பாக்கத்து போரில் மோட்டார் ஓடாததற்கு ரிப்பேர் என்று உன்னிடம் சொன்னேன். ரிப்பேர் இல்லை. நான்தான் நிறுத்தினேன். டிரைவர் ரவி உனக்குப் போன் செய்து "சாருக்கு என்னமோ ஆயிடுச்சுண்ணா, நல்ல டாக்டரா பாருங்க" என்று சொன்னானாம். அவன் மேல் தப்பில்லை. சம்பளம் தரும் மனிதன் திடீரென்று மனசாட்சியைப் பற்றிப் பேசினால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

மாடம்பாக்கத்துக்கு அப்பால் இருக்கும் அந்த நிலத்தை உன் தாத்தா வாங்கினார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது. அதற்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு தெரு இருக்கிறதே, நாம் காலனி என்று சொல்லும் தெரு, அங்கே அப்போது ஐந்து கிணறுகள் இருந்தன. அந்தக் கிணறுகள் ஏன் அங்கே வந்தன என்று நீ கேட்டதில்லை. நானும் வெகுநாள் கேட்கவில்லை. ஊர்க் கிணற்றில் அவர்களைத் தண்ணீர் சேந்த விடவில்லை. அதனால் அவர்களுடைய தாத்தாக்கள் கடப்பாரையும் கூடையுமாக இறங்கித் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். முப்பது முப்பத்தைந்து அடி. அரசாங்கம் வெட்டித் தரவில்லை, சபையும் வெட்டித் தரவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நான் வேலையை விட்டுவிட்டு முதல் லாரியை வாங்கினேன். அப்போது பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்பு நிலத்தில் மண்ணடித்து மேடாக்கி அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நின்ற இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் இல்லை என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கீழே நீச்சல் குளம் இருக்கும், மேலே குழாயில் காற்று வரும். அவர்களுக்கு லாரித் தண்ணீர் வேண்டும். எனக்கு நிலம் இருந்தது, நிலத்துக்கு அடியில் தண்ணீர் இருந்தது. அடியில் இருப்பதும் நம்முடையது என்று நினைத்தேன். அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பட்டாவில் நீளம் அகலம் எழுதியிருக்கும், ஆழம் எழுதியிருக்காது.

போர் போட வந்தது திருச்செங்கோட்டு லாரி. அதன் மேஸ்திரி வேலையை ஆரம்பிக்கும் முன் நிலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். வாயில் வெற்றிலை. ஏரிப் பக்கம் கையை நீட்டினார்.

"சார், அங்க ஊடுக தெரியுதுங்களே, கெணறு இருக்குதுங்களா?"

"இருக்கு. அஞ்சு."

"எத்தன அடிங்க?"

சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நீங்க உங்க ஊட்டுக்குப் போடறதுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க. லாரிக்குன்னு சொல்றீங்க. நாள் பூரா மோட்டாரு ஓடுச்சுன்னா ரெண்டு வருசத்துல அந்தக் கெணறுக வத்திப் போயிருமுங்க. கெணறுதான் அஞ்சு. அடியில ஓடறது ஒரே தண்ணிங்க."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்றதுங்க? கூலிக்குத் தொள போடறவன். சொல்லவே இல்லன்னு நாளைக்கி என்னயச் சொல்லக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் இப்பவே சொல்லிப்போட்டேன்."

கிணறுகளைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார். அந்த நேரத்தில் ஆயரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆரம்ப ஜெபத்துக்கு அழைத்திருந்தோம். உன் அம்மா தட்டில் கேக் வைத்துக்கொண்டு நின்றாள். வனாந்தரத்தில் ஊற்றுகளைத் திறக்கும் ஆண்டவர் இந்தக் குடும்பத்துக்கும் ஊற்றைத் திறக்க வேண்டும் என்று ஆயர் ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன். கண்ணை மூடியிருந்தேன். மூடிய கண்ணுக்குள் அந்த மேஸ்திரியின் கை ஏரிப் பக்கம் நீண்டபடியே இருந்தது. கண்ணைத் திறந்ததும் "ஆரம்பிங்க" என்று சொன்னேன். என் பாவம் என்ன என்று யாராவது கேட்டால் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன். தெரியாமல் செய்தவன் இல்லை நான். தெரிந்து, ஜெபம் முடித்து, கேக் சாப்பிட்டுவிட்டுச் செய்தவன்.

இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முதலில் தெரு முனைக் கிணறு, பிறகு நடுவில் மூன்று, கடைசியில் எஸ்தர் வீட்டுக் கிணறு என்று ஒவ்வொன்றாக வற்றின. எஸ்தரை உனக்குத் தெரியும். நம் சபையில் கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்காருவாள். அவளுக்கு அங்கே என்று யாரும் இடம் குறித்துக் கொடுக்கவில்லை. முன் பெஞ்சுக்கு வா என்று யாரும் கூப்பிட்டதுமில்லை. அப்போது அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கணவன் இல்லை. கிணற்றை ஒட்டி நாலு பாத்தி கீரை போட்டு, விடிந்ததும் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூடையில் கொண்டுபோய் விற்பாள். ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் முதல் அறுப்பு என்று ஒரு பெரிய சிறுகீரைக் கட்டைக் கொண்டுவந்து பீடத்தில் வைப்பாள். ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது அந்தக் கட்டை நான்தான் எடுப்பேன். ஊரே பார்க்க விலையை ஏற்றி ஏற்றி எடுப்பேன். அது எனக்குப் பெருமை. அவளுக்கும் பெருமை.

கிணறு வற்றிய கோடையில்தான் என் சமூக சேவை ஆரம்பித்தது. நீ எழுதியிருக்கும் அந்த நாலாவது தலைப்பு. "கோடைதோறும் ஏழைகளுக்கு இலவசமாகக் குடிநீர் வழங்கி வருகிறார்" என்று எழுதியிருக்கிறாய். வழங்கினேன். வாரம் இரண்டு லாரி. பக்கவாட்டில் இலவசக் குடிநீர் என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே சபையின் பெயர், அதற்குக் கீழே தாகத்தைப் பற்றி ஒரு வசனம். முதல் லாரி போன நாளில் உன்னையும் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். நீதான் வால்வைத் திறந்தாய். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். தண்ணீர் வந்ததும் அவர்கள் சிரித்தார்கள், நீயும் சட்டையெல்லாம் நனைந்து சிரித்தாய். "கொடுப்பதில் உள்ள சந்தோஷத்தை அன்றுதான் கற்றேன்" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, அந்த வரியில்தான் நான் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். அன்று நீ திறந்துவிட்ட தண்ணீர் அவர்களுடையது, ஜோயல். அவர்களுடைய கிணற்றுக்கு அடியிலிருந்து எடுத்து, பெரும்பகுதியை அடுக்குமாடிகளுக்கு விற்று, ஒரு கை அள்ளி அவர்களுக்கே தர்மம் போட்டேன். ஊர்க்காரர்கள் அவர்களை மேலே நின்று தடுத்தார்கள். நான் அடியிலிருந்து உருவிக்கொண்டேன். இரண்டில் எது கேவலம் என்று நீயே யோசித்துப் பார். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் நன்றி சொல்லவில்லை, எனக்குச் சொன்னார்கள்.

உன் அம்மா முதல் இரண்டு மூன்று தடவை லாரியோடு வந்தாள். மாதர் சங்கத்துப் பெண்கள் நாலு பேரையும் கூட்டிவருவாள். ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சேலையூரைத் தாண்டும்போது கேட்டாள்.

"அஞ்சு கெணறும் ஒண்ணாவா வத்தும்?"

"மழை இல்லல்ல."

"மழை நம்ம நெலத்துக்குந்தான் இல்ல. நம்ம போர்ல தண்ணி வருதே."

"அது ஆழம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு லாரியோடு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம். நாங்கள் சண்டையே போட்டுக்கொள்ளாத தம்பதி என்று குடும்பம் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறாய். உண்மைதான். எதைத் தொட்டால் சண்டை வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதைச் சுற்றி நடந்து பழகிவிட்டோம். இதை நீ ஒரு நல்ல குணமாக எடுத்துக்கொண்டு உன் வீட்டில் நட்டுவைக்காதே. அனிதா ஒரு நாள் உன்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்பாள். மழை இல்லை என்று பதில் சொல்லாதே. அந்தப் பதிலைச் சொன்ன நாளிலிருந்து நான் இந்த வீட்டில் விருந்தாளி.

கீரை போனபிறகு எஸ்தர் வீட்டு வேலைக்குப் போனாள். பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு அடுக்குமாடி. மூன்று வீடுகளில் தரை துடைத்து, பாத்திரம் தேய்க்கும் வேலை. ஆனாலும் அடுத்த அறுப்பின் பண்டிகைக்குக் கீரைக்கட்டோடு வந்தாள். மார்க்கெட்டில் விலைகொடுத்து வாங்கிய கீரை. வேறொருவன் தோட்டத்து வாழைநாரில் கட்டியது. பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அன்று சாட்சி சொல்லும் நேரத்தில் அவள் எழுந்து முன்னால் வந்து மைக்கைப் பிடித்தாள். "எங்க தெருவுல கெணறெல்லாம் காஞ்சிப்போச்சு. ஆண்டவரு எங்கள கைவுடல. அண்ணன் மூலமா லாரிய அனுப்பினாரு. அண்ணன் குடும்பத்துக்காக நான் தெனமும் முட்டி போட்டு ஜெபம் பண்றேன்" என்று சொன்னாள். சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். அடுத்த தேர்தலில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் ஓட்டும் எனக்குத்தான் விழுந்திருக்கும். வாங்கிக்கொண்டேன். அன்று எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொரு லாரிக்கு முன்பணம் கொடுத்திருந்தேன், சொல்லவில்லை. பிறகு உன் கல்லூரி, பிறகு வீடு. சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு வருடமும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. நல்ல காரணங்களுக்குப் பஞ்சமே வராது, ஜோயல். அதற்கு மட்டும் எந்த போரும் வேண்டாம்.

நான் மட்டும்தான் கெட்டவன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. அதுவும் ஒரு வகைப் பெருமைதான். ஏரிக்குள் பிளாட் போட்டு விற்றவன் முன் பெஞ்சில் இருக்கிறான். அதிகாரியாக இருந்து அதற்குக் கண்ணை மூடிக்கொண்டவன் அவனுக்குப் பின்னால் இருக்கிறான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து காலனிக்குப் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் புடவை கொடுக்கிறோம். புடவை கொடுக்கும்போது போட்டோ எடுக்கிறோம். அந்தப் போட்டோவும் மலரில் வரும். வருடா வருடம் மழைக்காலத்தில் அதே தெருவுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்துவிடுகிறது, கோடையில் குடிக்கச் சொட்டு இல்லை. இரண்டுக்கும் நாங்கள்தான் நிவாரணம் கொண்டுபோகிறோம். நிவாரணம் கொண்டுபோகிறவர்களே காரணமாகவும் இருந்தால் அதற்குச் சேவை என்று பெயர் வைக்கக் கூடாது. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் அந்தத் தலைப்பைப் போடு.

போன வருடம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்களே, நீ வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போன மறுநாள் எஸ்தர் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. உடம்பு சரியில்லையா என்று உன் அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. அண்ணனுக்கோசரம் மூணு நாளு உபவாசம். பச்சத் தண்ணி பல்லுல படல. இன்னிக்குத்தான் முடிச்சேன்."

உன் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். எஸ்தர் என் கட்டிலருகில் நின்று ஜெபித்தாள். அண்ணன் ஏழைகளுக்குச் செய்த நன்மையை நினைத்தருளும் என்று கேட்டாள். திரையில் என் இதயம் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அது அப்போதே நின்றிருந்தால், இப்போது நீ எழுதியிருப்பது அன்றே என் இரங்கல் குறிப்பாக அச்சாகியிருக்கும். அந்தப் பயத்தில்தான் பிழைத்து எழுந்தேன். சாவுப் பயம் இல்லை. நல்லவனாகவே புதைக்கப்பட்டுவிடுவேனோ என்ற பயம்.

ஆனாலும் அவளிடம் போவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மனம் திருந்தினேன் என்று சபையில் ஒரு நிமிடத்தில் சொல்கிறார்கள். எனக்கு அது சாத்தியப்படவில்லை. உன் தாள்கள் வந்து, ஏரிக்கரை என்ற வார்த்தையைப் பார்த்தபிறகுதான் கால் நகர்ந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்குப் போனேன். காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். எஸ்தர் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆடு விழாமல் இருக்கக் கிணற்றின் மேல் பழைய கூரைத் தகடு ஒன்றைப் போட்டு, அதன் மேல் கல் வைத்திருக்கிறாள்.

"இன்னாண்ணா, இந்த வெயில்ல வந்துகினு? போன் பண்ணா நான் வந்திருக்க மாட்டனா. குந்துங்க."

உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

"எஸ்தர், உன் கிணறு வத்தினதுக்கு மழை காரணம் இல்ல."

"தெரியுமே. ஏரிய பூரா வூடு கட்டிட்டானுங்கோ."

"அது அப்புறம். முதல்ல வத்தினது என்னால. என் போரால."

திருச்செங்கோட்டு மேஸ்திரி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கையில் ஈரப் புடவை ஒன்று இருந்தது. அதைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்தாள்.

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"போர் போட்ட அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

"அக்காவுக்கு?"

"நான் சொல்லல. அவளாவே கண்டுபிடிச்சுட்டா."

"அதான் அக்கா லாரியோட வர்றத நிறுத்திட்டாங்களா. எங்க தெரு நாத்தம் புடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தோம், இத்தினி வருசமா."

அவள் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

"பள்ளிக்கரணைப் பக்கம். நீ வேலை செய்யற இடத்துக்கும் நம்ம லாரிதான்."

சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"அப்ப எங்க கெணத்துத் தண்ணியிலதான் நான் அவங்க தரைய தொடச்சிகினு இருந்தனா?"

மன்னித்துவிடு என்று சொன்னேன். கையைக்கூடக் கூப்பினேன் என்று நினைக்கிறேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மன்னிக்கிறது இருக்கட்டும்ணா. அது ஆண்டவருக்கும் உங்களுக்கும். நான் உங்களுக்கு ஜெபம் பண்ணேனே. இருவது வருசம். எங்க அம்மா செத்தப்பக் கூட அவங்களுக்கு முன்னாடி உங்க பேரச் சொல்லித்தான் முட்டி போட்டேன். அத்த இன்னா பண்றது? திருப்பி வாங்க முடியுமா?"

நான் எழுந்தேன். உட்கார முடியவில்லை. போரையும் மோட்டார் ரூமையும் தெருவுக்கே விட்டுவிடுகிறேன், சாவியை வைத்துக்கொள் என்று எடுத்து நீட்டினேன். அங்கே போகும்போது அது பெரிய காரியமாகத் தோன்றியது.

"சாவி எதுக்கு? கரண்ட் பில்லு யாரு கட்றது? நாளைக்கே ஊர்க்காரன் வந்து உனக்கு இன்னாடி போருன்னு கேட்டா நீங்க வந்து நிப்பீங்களா? தெருவுல பேசணும். நான் ஒருத்தி சொல்ல முடியாது." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "மே மாசம் லாரி வருமா, வராதா? அத்த சொல்லிட்டுப் போங்க."

"வரும்."

"இலவசம்னு எழுதிகினு வராதீங்கோ."

நான் மெயின் ரோட்டுக்குத் திரும்பி நடந்தேன். மோட்டார் ரூமுக்குப் போய், இனி அந்தத் தெருவுக்குத் தவிர ஓடாது என்று சுவிட்சை அணைத்தேன். மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. லாரியின் பக்கவாட்டில் இருந்த எழுத்தை நானே தின்னர் வைத்துத் துடைத்தேன். ரவி பக்கத்தில் நின்று, "பெயின்டர கூப்ட்டா அரை மணில முடிச்சிருப்பான் சார்" என்றான். இலவசம் சீக்கிரம் போய்விட்டது. வசனம்தான் போகவில்லை. பழைய பெயின்ட், ஆனால் நல்ல பெயின்ட். இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

இனி நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். "எல்லாரும் எடுக்கறாங்கப்பா. நாம எடுக்கலன்னா வேற ஒருத்தன் எடுப்பான்." நானும் இதைத்தான் இருபது வருடமாகச் சொன்னேன், அதனால் இதன் பலம் எனக்குத் தெரியும். அது உண்மையும்கூட. நான் மோட்டாரை நிறுத்திய அன்று மாலைக்குள் அந்த அடுக்குமாடிக்கு வேறொருவர் லாரி போய்விட்டது. நம் நிலத்துக்கு இரண்டு மனை தள்ளி இன்னொரு போர் ஓடுகிறது. சத்தம் எனக்குக் கேட்கிறது. மூன்று வாரமாக நான் தினமும் எஸ்தர் வீட்டுப் பக்கம் போகிறேன். தகட்டை நகர்த்திக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறேன். அடியில் ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது, அதைச் சுற்றி உலர்ந்த சேறு. ஒரு சொட்டு ஊறவில்லை. ஊறாமலே போகலாம். எஸ்தர் என்னைப் பார்த்துக் கதவைச் சாத்துவதில்லை. குந்துங்க என்று சொல்வதுமில்லை. தெருவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நான் செய்ததால் எதுவும் சரியாகிவிட்டது என்று உனக்குச் சொல்ல எனக்கு ஆசை. சொன்னால் அதுவும் உன் பக்கத்தில் ஒரு வரியாகிவிடும்.

உன் அம்மாவிடம் அன்று மதியமே சொன்னேன், எஸ்தரிடம் நான் சொல்லிவிட்டதையும் அதற்கு எஸ்தர் சொன்னதையும். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாத்தம் புடிக்கலன்னா நெனச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் தனியாக பஸ் ஏறி அந்தத் தெருவுக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. போய் என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை பயத்தால் கேட்காமல் இல்லை.

மலர்க் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், என் பக்கம் வேண்டாம் என்று. காரணமும் எழுதினேன். தலைவர் போன் செய்து, "சகோதரரே, இதெல்லாம் மலர்ல போட முடியுமா, தனியா ஜெபத்துல வைப்போம்" என்றார். ஜெபத்தில் வைப்பது என்றால் நம் ஆட்களுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். செயலாளர் பதவிக்கும் ராஜினாமா கொடுத்திருக்கிறேன். உன் கல்யாணம் அதே ஆலயத்தில்தான் நடக்கும். முன் பெஞ்சில் நாலு பேர் என்னோடு பேசாமல் இருப்பார்கள். அது உனக்குக் கஷ்டமாக இருக்கும். அனிதாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு அவள் வரட்டும். எஸ்தருக்கு அழைப்பிதழ் நான் கொடுக்க மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நீ கொடு. வருவதும் வராததும் அவள் பாடு.

இனி அந்தத் தாள்கள். நீ பேசி முடித்திருக்கும் அந்த ஏரிக்கரையில் போர் மேஸ்திரி யாரும் உனக்கு எதையும் சொல்லியிருக்க மாட்டான். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். அடுத்த முறை வரும்போது நேராக வீட்டுக்கு வராதே. அந்த நிலத்துக்குப் போ. நிலத்தைப் பார்க்க வேண்டாம். அதற்கு ஏரிப் பக்கம் ஒரு தெரு இருக்கும், இல்லாமல் இருக்காது. காரைத் தள்ளி நிறுத்திவிட்டு அந்தத் தெருவுக்குள் நடந்து போ. ஏதாவது ஒரு வீட்டில் தண்ணீர் கேள். கொடுப்பார்கள். நீ யார் என்று கேட்காமலே கொடுப்பார்கள். குடித்து முடித்த பிறகு, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டு, போய் எட்டிப் பார்.

பார்த்த பிறகும் என் கையெழுத்து உனக்கு வேண்டும் என்றால் வா. போட மாட்டேன். ஆனால் போனில் கேட்காதே. அந்தத் தண்ணீரைக் குடித்த வாயோடு வந்து, என் எதிரில் உட்கார்ந்து கேள்.

அப்பா